மனசுக்குப் பிடித்த கார், பயமுறுத்தும் இன்ஜின்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் வாரண்டி முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதுதான் எழுகிறது. காரில் அதுவரை ஒரு குறையும் இருக்காது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கை நினைத்த இடத்தில் வண்டியின் மூக்கு போய் நிற்கும். சின்ன வேலைக்குக் கிளம்பினால்கூடச் சுற்றிக்கொண்டு போகத் தோன்றும். ஆனால் அதே மாடலை வைத்திருக்கும் யாரோ ஒருவருக்கு கியர்பாக்ஸ் போய்விட்டது என்று காதில் விழுந்திருக்கும். அன்றிலிருந்து வண்டியில் கேட்கும் ஒவ்வொரு சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கும்.

"ஓட்டும்போது சந்தோஷமா இருக்கு. நிறுத்திட்டு உள்ள வந்தா கவலையா இருக்கு. வெச்சுக்கவா, வித்துடவா?" என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நானும் இதே இடத்தில் இரண்டு முறை நின்றிருக்கிறேன். முதல் முறை விற்றேன், இரண்டாம் முறை வைத்துக்கொண்டேன். இரண்டாவது முடிவு சரியாக அமைந்தது. எதற்குப் பயப்படுகிறேன் என்பது அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது, அதுதான் காரணம். முதல் முறை அது தெரியாமலே விற்றேன்.

## எதை வைத்து அளப்பது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் அளவுகோல்களைப் பார்த்துவிடுவோம். நான் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது. முதல் இரண்டுதான் பாதி முடிவைத் தீர்மானிக்கின்றன.

பயத்துக்குப் பெயர் இருக்கிறதா? "இந்தக் கம்பெனி வண்டி நம்பிக்கையில்லை" என்பது பெயர் இல்லாத பயம். "இந்த இன்ஜினில் இந்த வருஷ மாடலில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்கிறது" என்பது பெயர் உள்ள பயம். பெயர் இருந்தால் அதற்கு ஒரு பார்ட் நம்பர் இருக்கும், ஒரு செலவு இருக்கும், சரிசெய்யும் முறை இருக்கும். பெயர் இல்லாத பயத்துக்கு எவ்வளவு செலவு செய்தாலும் தீராது.

போர்ஷேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1997 மாடலிலிருந்து 2008 வரை வந்த பாக்ஸ்டரிலும், அதே காலத்து 911-இல் டர்போ, ஜிடி2, ஜிடி3 வகைகள் தவிர மற்றவற்றிலும், இன்ஜினுக்குள் ஒரு இடைத் தண்டைத் தாங்கும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கிறது. அது உடைந்தால் இன்ஜினே போய்விடும். கேட்டால் குலை நடுங்கும். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். ஏறத்தாழ 2005 வரையிலான இன்ஜின்களில் கியர்பாக்ஸை இறக்கினாலே அந்த பேரிங்கை மாற்றிவிடலாம். கிளட்ச் மாற்றும்போது அதையும் சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிந்தியவற்றில் பேரிங் பெரியது, பழுதாவது குறைவு. ஆனால் மாற்ற வேண்டுமானால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த ஷாஃப்டே இல்லை. "போர்ஷே இன்ஜின் வெடித்துவிடும்" என்ற ஒற்றைப் பயம் இப்போது மூன்று தனித்தனி நிலைமைகளாகப் பிரிந்துவிட்டது. ஒன்றில் செலவு செய்து தீர்க்கலாம், ஒன்றில் துணிந்து இருக்கலாம், ஒன்றில் பயமே தேவையில்லை.

முன்கூட்டியே சொல்லிவிட்டு வருமா? பழுதுகளில் இரண்டு ஜாதி உண்டு. கிளட்ச் வழுக்கல், சஸ்பென்ஷன் புஷ் தேய்மானம், இன்டேக் வால்வில் கார்பன் படிவது போன்றவை மாதக் கணக்கில் அறிகுறி காட்டிக்கொண்டே வரும். வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் அறுவது, பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போவது போன்றவை நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டியை இன்று நிறுத்திவிடும். இன்றைய இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதும். ஒரு பெல்ட்டின் செலவு ஒரு இன்ஜின் செலவாகிவிடும்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. சொல்லாமல் வரும் பழுதுகள் பலவற்றை நேரம் பார்த்து முன்னாலேயே மாற்றிவிட முடியும். பிஎம்டபிள்யூ எம்3-இல் இ46, இ92 என்று குறிக்கப்படும் தலைமுறைகளை வைத்திருப்பவர்கள் ராட் பேரிங்கைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். அந்த பேரிங் ஓடுகளை, இன்ஜினை வண்டியிலிருந்து இறக்காமல், அடியிலிருந்தே ஆயில் சம்பைக் கழற்றி மாற்றலாம். மாற்றியவர்கள் நிம்மதியாக ஓட்டுகிறார்கள். மாற்றாதவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெரிய பழுதைத் தாங்க முடியுமா? வண்டியின் இன்றைய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பயப்படும் பழுது வந்தால் செலவு 25. அடுத்த மூன்று வருஷத்தில் அது வர ஐந்தில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாகப் பார்த்தால் பயத்தின் விலை வெறும் 5. வண்டியை விற்று இன்னொன்று வாங்கினால் விற்கும்போது கொஞ்சம், வாங்கும்போது கொஞ்சம், பதிவுச் செலவு கொஞ்சம் என்று 10 போவது சாதாரணம். கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் நீங்கள் யாரும் 5 கட்டப் போவதில்லை; ஒன்று பூஜ்யம், இல்லாவிட்டால் 25. அந்த 25-ஐக் கடன் வாங்காமல் கட்ட முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. முடியாதென்றால் சராசரி எவ்வளவு சாதகமாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

வண்டி நின்றால் எது எல்லாம் நிற்கும்? வேலைக்குப் போக, பிள்ளைகளைக் கொண்டுவிட, வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போக இது ஒன்றுதான் வண்டியா? பார்ட்ஸ் வர மூன்று வாரம் ஆகும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அந்த மூன்று வாரம் எப்படி ஓடும்?

அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்கிறதா? இதைப் பலர் அளப்பதே இல்லை. கடந்த மூன்று மாதத்தில் வேறு வேலை எதுவும் இல்லாமல், ஓட்டுவதற்காகவே எத்தனை முறை வண்டியை எடுத்தீர்கள்? மாதம் இரண்டு முறை என்றால் அது வாழ்கிற சந்தோஷம். ஒரு முறைகூட இல்லையென்றால், நீங்கள் வைத்திருப்பது அந்தக் கார் பற்றிய நினைப்பை.

ஒரு விஷயத்தைக் கவனத்தில் வையுங்கள். கியர்பாக்ஸ் போனவர் பத்துப் பேரிடம் சொல்வார். ஒன்றும் ஆகாதவர் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டார். அதனால் நீங்கள் கேள்விப்படும் கதைகளின் எண்ணிக்கையை வைத்து வாய்ப்பைக் கணக்கிடாதீர்கள். எந்த வருஷ மாடல், எத்தனை கிலோமீட்டரில், எப்படி ஓட்டப்பட்டது, ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்டதா என்ற விவரங்களைத் திரட்டுங்கள். நிறுவனமே ஒப்புக்கொண்ட விஷயங்கள்தான் கெட்டியான ஆதாரம். மாஸ்டா ஆர்எக்ஸ்-8-இன் ரோட்டரி இன்ஜினுக்கு (பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் உள்ளது) 2008-இல் அமெரிக்காவில் வாரண்டியை 8 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டினார்கள். ஏழு கியர் டி‌எஸ்‌ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றுவதற்காக ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2013 நவம்பரில் உலக அளவில் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் வண்டி இப்படிப்பட்ட பட்டியலில் இருந்தால், அந்த வேலை உங்கள் வண்டியில் முடிந்ததா என்பதை சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸில் கேட்கலாம். இலவசமாகத் தீர வேண்டிய பயத்தோடு பல பேர் வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

## வழி 1: வாரண்டி முடியும் முன் விற்றுவிடுவது

சுத்தமான வழி. கவலை ஒரே நாளில் முடிகிறது. கொஞ்சம் வாரண்டி மிச்சமிருக்கும்போது விற்றால் வாங்குபவருக்கும் தைரியம், விலையும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, உங்கள் மாடலுக்குக் கெட்ட பெயர் ஏற்கனவே பரவியிருந்தால் செகண்ட் ஹேண்ட் விலை அதற்குத் தகுந்தாற்போல் இறங்கியிருக்கும். பழுதே ஆகாத வண்டியை பழுதாகும் வண்டியின் விலைக்குக் கொடுக்கிறீர்கள். மற்றவர்களின் பயத்துக்கும் சேர்த்து நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். இரண்டு, அடுத்து வாங்கும் வண்டி. அது புதிது என்றால் முதல் ஓரிரு வருஷத்தில்தான் விலை மளமளவென்று சரியும். அந்தச் சரிவு மட்டுமே நீங்கள் பயந்த பழுதின் செலவைத் தாண்டிவிடக்கூடும். பில் எதுவும் கைக்கு வராததால் அது செலவாகவே தெரியாது.

நான் முதல் காரை விற்றது இப்படித்தான். நன்றாக இருந்த வண்டி. பயந்து கொடுத்துவிட்டு, எல்லோரும் "பிரச்சினையே வராது" என்று சொன்ன ஒன்றை வாங்கினேன். உண்மையிலேயே பிரச்சினை வரவில்லை. ஆனால் நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அதை ஓட்டுவதற்காக எடுக்கவில்லை. பழைய காரை வாங்கியவர் அதை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டபோது மனசு கனத்தது.

இருந்தாலும் இந்த வழிதான் சரி என்று நான் தயங்காமல் சொல்லும் நிலைமைகள் உண்டு. வீட்டில் இது ஒன்றுதான் வண்டி, அவசரச் சேமிப்பும் இல்லை என்றால் விற்றுவிடுங்கள். இரவில், ஆளில்லாத நீண்ட சாலைகளில் அடிக்கடி போகிறவராக இருந்து, நடுவழியில் நிற்பது உங்களுக்கு உண்மையான ஆபத்து என்றாலும் அப்படியே. அந்த இன்ஜினைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர்கூட எட்டும் தூரத்தில் இல்லையென்றாலும் விற்பதே நல்லது.

## வழி 2: வைத்துக்கொண்டு, வந்தால் பார்ப்போம் என்று இருப்பது

பெரும்பாலோர் முடிவே எடுக்காமல் வந்து சேரும் இடம் இது. காகிதத்தில் இதுதான் மலிவு. சாதாரண இன்ஜின், டர்போ இல்லை, மேனுவல் கியர், பெயர் சொல்லும்படியான பலவீனம் எதுவும் கேள்விப்படவில்லை என்றால் இதுவே போதும். வழக்கமான சர்வீஸோடு ஓட்டுங்கள்.

பலவீனத்தின் பெயர் தெரிந்த பிறகும் இப்படி இருப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கவலை முழுவதையும் சுமந்துகொண்டு அதைக் குறைக்கும் வேலை எதையும் செய்யாமல் இருப்பது இது. பழுது வரும்போது இடமும் நேரமும் உங்கள் கையில் இருக்காது. எந்த ஒர்க்‌ஷாப் பக்கத்தில் இருக்கிறதோ அதற்குத்தான் இழுத்துப்போக வேண்டிவரும்.

## வழி 3: பலவீனத்தை முன்கூட்டியே தீர்த்து வைத்துக்கொள்வது

இப்போது நான் இருக்கும் வழி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, வண்டி இன்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும், அதாவது காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும், அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விசாரிக்க வேண்டும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் லீக்-டவுன் சோதனையும் செய்தால் காற்று வால்வு வழியாகப் போகிறதா, பிஸ்டன் ரிங் வழியாகப் போகிறதா என்று புரியும். ரோட்டரி இன்ஜின் என்றால் அதற்கென்றே தனிக் கருவி வேண்டும்; சாதாரண கேஜ் சரியான பதில் தராது.

அடுத்து, ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. இரத்தப் பரிசோதனை மாதிரிதான். ஈயம், செம்பு, வெள்ளீயம் கூடிவந்தால் பேரிங் தேய்கிறது. இரும்பு கூடினால் சிலிண்டர், கேம் பக்கம் பார்க்க வேண்டும். சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி உள்ளே போகிறது. ஒரு முறை எடுத்த எண்ணில் பெரிய பொருள் இல்லை; மூன்று முறை தொடர்ந்து எடுத்தால் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது தெரிந்துவிடும். சொல்லாமல் வரும் பழுதைப் பேச வைக்கும் வேலை இது.

மூன்றாவதாக, கையேடு சொல்வதைவிட அடிக்கடி திரவங்களை மாற்றுவது. சில நிறுவனங்கள் இன்ஜின் ஆயிலுக்கு 30,000 கிலோமீட்டர் வரை இடைவெளி கொடுக்கின்றன. டர்போ வைத்த, துரத்தி ஓட்டப்படும் வண்டியில் நான் அதில் பாதியைக்கூடத் தாண்ட விடமாட்டேன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்று கார் நிறுவனம் எழுதியிருக்கும். அதே கியர்பாக்ஸைச் செய்து கொடுக்கும் ஸெட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன்.

நேரடி எரிபொருள் பீய்ச்சல் உள்ள இன்ஜின் என்றால் இன்டேக் வால்வில் கார்பன் படிவதை எதிர்பார்த்தே இருங்கள். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் வால்வின் முதுகைக் கழுவ ஒன்றும் இல்லை. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். இதைப் பழுது என்று சொல்வதைவிடப் பராமரிப்பு என்று சொல்வதே பொருத்தம்.

ஓட்டும் பழக்கமும் இதில் சேரும். கூலன்ட் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் சூடாக அதற்கு மேலும் சில நிமிடம் ஆகும். அதுவரை அழுத்தி ஓட்டாதீர்கள். சின்ன டர்போ இன்ஜினில் உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிப்பதைத் தவிருங்கள். நேரத்துக்கு முன்னால் தானாகத் தீப்பற்றி பிஸ்டனையே உடைக்கக்கூடிய ஒரு நிலை அங்கேதான் வருகிறது. அதைக் கட்டுப்படுத்துவதற்கான சோதனையையும் சேர்த்துத்தான் 2020-இல் ஏபிஐ எஸ்பி என்ற ஆயில் தரம் வந்தது. ஆயில் டப்பாவில் அந்தக் குறியீடோ அதற்குப் பிந்தியதோ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இந்த வழியிலும் மறைந்த செலவு உண்டு. "பிரிச்சதுதான் பிரிச்சோம், இதையும் மாத்திடலாம்" என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் வரும். கியர்பாக்ஸை இறக்கியிருக்கும்போது கிளட்ச், ஃப்ளைவீல், பின்பக்க கிராங்க் சீல் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வது புத்திசாலித்தனம். ஆள்கூலி ஒரு முறைதான். ஆனால் அதே சாக்கில் சஸ்பென்ஷன், எக்ஸாஸ்ட் என்று பட்டியல் நீண்டால் அது பராமரிப்பைத் தாண்டி வேறு எங்கோ போகிறது. அப்புறம் இன்னொரு ஆபத்து: நன்றாக இருந்த இடத்தைப் பிரித்து மூடுவதாலேயே புதுப் பிரச்சினை வரலாம். என் வண்டியில் ஒரு கசிவைச் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் ஒரு கிளிப்பை மாட்ட மறந்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு மாதம் அலைந்தேன். இந்த வழியில் போவதென்றால் மெக்கானிக்கைத் தேடுவதில்தான் முதலில் நேரத்தைச் செலவிட வேண்டும். அவர் கையில் அந்த இன்ஜின் ஏற்கனவே பத்துப் பதினைந்து முறை வந்துபோயிருக்க வேண்டும்.

## வழி 4: நீட்டித்த வாரண்டி

பயம் ஒரே ஒரு விலையுயர்ந்த பொருளின் மேல் இருந்து, அதன் பெயர் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் இது நல்ல வழி. டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் அப்படிப்பட்ட ஒன்று. கார் நிறுவனமே தரும் நீட்டிப்பை முதலில் பாருங்கள், வெளியார் தருவதை அப்புறம் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் விலக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும். முன்பக்கம் தருவதைப் பின்பக்கம் எடுத்துவிடும் ஒப்பந்தங்கள் நிறைய. கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள் என்று விலக்கப்பட்டிருக்கும். ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பு இருக்கும். ஒரு சர்வீஸ் தேதி தள்ளிப்போனாலும், இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றும் இசியூ ரீமேப் செய்திருந்தாலும் மறுக்க இடம் இருக்கும். வாரண்டி ஓடும் காலம் முழுக்க அவர்கள் சொன்ன இடத்தில்தான் சர்வீஸ் செய்ய வேண்டும் என்றால் அந்தக் கூடுதல் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துக் கூட்டுங்கள். விற்பவர் லாபம் வைத்துத்தான் விற்கிறார். ஆகவே சராசரிக் கணக்கில் இது உங்களுக்கு நஷ்டம்தான். 25-ஐத் தாங்க முடியாதவருக்கு அந்த நஷ்டம் நியாயமான விலை. தாங்க முடிந்தவர் அதே தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

## வழி 5: அன்றாடத்துக்கு இன்னொரு வண்டி

சிக்கனமான, பழைய, அலுப்பான ஒரு வண்டியை வேலைகளுக்கு வைத்துக்கொண்டு பிடித்த காரை விருப்பத்துக்கு மட்டும் எடுப்பது. இடமும் வசதியும் இருப்பவர்களுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை. பழுது அதே பழுதுதான், ஆனால் அதன் கூர்மை மழுங்கிவிடுகிறது. மூன்று வாரம் பார்ட்ஸ் வரவில்லையா, சரி, வரட்டும்.

இரண்டு இன்ஷூரன்ஸ், இரண்டு சர்வீஸ், நிறுத்த இரண்டு இடம் என்பது வெளியே தெரியும் செலவு. தெரியாத செலவு, நின்றே கெடுவது. பேட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், சீல்கள் காய்ந்து கசியும். டயர் ஓடாவிட்டாலும் வயதாகும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தில் 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரத்தில் செய்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். வாரம் ஒரு முறையாவது அரைமணி நேரம், ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட முடியாதவர் இந்த வழிக்கு வராதீர்கள். ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது அதைவிட மோசம். ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேர்ந்து தங்கிவிடும்.

## வழி 6: நம்பிக்கையும் சந்தோஷமும் சேர்ந்த இன்னொரு காருக்கு மாறுவது

விற்பதா, வைப்பதா என்ற இரண்டு கதவுக்கு நடுவில் இதை மறந்துவிடுகிறார்கள். ஓட்டுவதில் உங்களுக்குச் சந்தோஷம் தருவது எது என்று பிரித்துப் பாருங்கள். டர்போவின் உந்துதலா? எடை குறைந்த வண்டி வளைவில் காட்டும் துள்ளலா? கியர் மாற்றும் கையின் சுகமா? பின்னிரண்டும் என்றால் சிக்கலான இன்ஜின் தேவையே இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5 1989 முதல் இந்த ஒரே கொள்கையில் வந்துகொண்டிருக்கிறது: லேசான வண்டி, பெரும்பாலும் டர்போ இல்லாத சின்ன இன்ஜின். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. இவ்வளவு காலம், இவ்வளவு வண்டி என்றால், அது விற்கப்பட்ட ஊர்களில் மெக்கானிக்குகளுக்கு அது புதிதாக இருக்காது, பார்ட்ஸுக்கும் தட்டுப்பாடு இருக்காது.

நல்ல பெயர் உள்ள வண்டியிலும் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரண்டின் ஆரம்ப வருஷக் கார்களை வால்வ் ஸ்பிரிங் குறைக்காக 2018-இல் திரும்ப அழைத்தார்கள். மாறும் வண்டியின் பலவீனத்துக்கும் பெயர் தெரிந்துகொண்டு மாறுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பெரிய பழுதின் ஆபத்து | நிச்சயச் செலவு | மறைந்த செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| விற்பது | இல்லை | அதிகம் | அடுத்த வண்டியின் விலைச் சரிவு | ஒரே வண்டி, சேமிப்பு இல்லாதவர் |
| வந்தால் பார்ப்போம் | முழுவதும் | மிகக் குறைவு | இடமும் நேரமும் நம் கையில் இல்லை | எளிய இன்ஜின் வைத்திருப்பவர் |
| முன்கூட்டியே தீர்ப்பது | பெருமளவு குறையும் | நடுத்தரம் | நீளும் பட்டியல், நம் நேரம் | பயத்துக்குப் பெயர் தெரிந்தவர் |
| நீட்டித்த வாரண்டி | பொருளைப் பொறுத்தது | நடுத்தரம் | விலக்குகள், கட்டாய சர்வீஸ் | ஒரே பொருளுக்குப் பயப்படுபவர் |
| இரண்டாவது வண்டி | அப்படியே, ஆனால் வலிக்காது | அதிகம் | நின்றே கெடுவது | இடமும் வாராந்தர நேரமும் உள்ளவர் |
| வேறு ஜாலியான கார் | குறைவு | அதிகம் | பழைய காரை நினைத்து ஏங்குவது | லேசான வண்டியை ரசிப்பவர் |

வழிகளைக் கலக்கலாம். மூன்றும் ஐந்தும் சேர்வதுதான் என் கண்ணுக்கு மிக நல்ல கூட்டணி. நாலும் மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பணம் போகும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு வாரம்

உங்கள் மாடலின் மூன்று பெரிய பலவீனங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வருவதற்கு முன் தீர்க்க எவ்வளவு, வந்த பிறகு தீர்க்க எவ்வளவு என்று இரண்டு எண் வேண்டும். இரண்டு மெக்கானிக்குகளிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் அதை நம்பலாம். ஸ்கேனரை மாட்டிப் பழைய கோளாறுக் குறிகளைப் படித்துவிடுங்கள். இதுவரை செய்த செலவை அந்தத் தாளில் சேர்க்காதீர்கள். "போன மாசம்தான் இவ்வளவு போட்டேன், இப்ப எப்படி விற்கிறது" என்பது பலரைத் தவறாக வைத்துக்கொள்ள வைத்திருக்கிறது. போட்டது போட்டதுதான், இனி போட வேண்டியது மட்டும்தான் கணக்கு.

எல்லா எண்களும் தெரிந்து, வந்த பிறகான செலவு உங்கள் கைவசச் சேமிப்புக்குள் அடங்கி, போக்குவரத்துக்கு மாற்று ஏற்பாடும் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தயக்கமே வேண்டாம். இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தால் அதை நிரப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள்: சேமிப்பு குறைந்தால் வாரண்டி, மாற்று வண்டி இல்லாவிட்டால் ஐந்தாவது வழி, தகவல் குறைந்தால் இன்னும் ஒரு மாதம் விசாரிப்பு. இரண்டு குறைந்தால் விற்பதுதான் நல்லது.

வைத்துக்கொள்ள முடிவு செய்தால், எப்போது விற்பீர்கள் என்பதையும் இன்றே எழுதி வையுங்கள். வண்டி கெட்டு நிற்கும் நாளில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. என் தாளில் மூன்று வரிகள் இருக்கின்றன. ஒரே வருஷத்தில் பழுதுச் செலவு வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் விற்பேன். தொடர்ந்து இரண்டு ஆயில் சோதனையில் பேரிங் உலோகங்கள் ஏறினால், பேரிங்கை மாற்றுவேன். அதற்கு அப்புறமும் ஏறினால் விற்பேன். மூன்று மாதம் ஓட்டுவதற்காக ஒரு முறைகூட எடுக்காமல் போனால், எந்தப் பழுதும் இல்லாவிட்டாலும் அதை நன்றாக ஓட்டப்போகிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன். போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தேன். தாள் இன்னும் டேஷ்போர்டு பெட்டியில்தான் இருக்கிறது.